கடைசி ஷாட் முடியுமுன் விளக்கைப் போட்டுவிட்டீர்கள்

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கும், போன மாதத் திரையிடலுக்கு வந்திருந்த சக உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டத்தில் எழுந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்' போட்டோம். செலின் சியாமா இயக்கி 2019இல் வந்த பிரெஞ்சுப் படம். ஆறு மணிக்கு என்று அறிவித்து ஆறே முக்காலுக்கு ஆரம்பித்தோம். அறுபது பேர் வந்திருந்தார்கள். படம் முடிந்தபோது அதில் பாதிப்பேர்கூட இல்லை. முடிந்தபோது என்று சொல்வதே தவறு, படம் முடியவில்லை. கடைசி ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ "அவ்ளோதான்" என்றார்கள். டியூப்லைட் எரிந்தது. நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. திரையில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளிறிப்போனது.

அடுத்த வாரம் குழு கூடி, இனி 'விறுவிறுப்பான, குடும்பத்தோடு பார்க்கக்கூடிய' படங்களை மட்டுமே எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறது. அந்த முடிவைக் கைவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அன்றைக்கு வாசலில் செருப்பு மாட்டும்போது காதில் விழுந்ததை அப்படியே தருகிறேன். "படம் நகரவே மாட்டேங்குதுப்பா." "ஒரு பி.ஜி.எம். கூடவா இல்ல?" "ரெண்டு மணி நேரமா ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்கிட்டே இருக்காங்க." "பெருசா சொன்னாங்களே, உள்ள ஒண்ணுமே இல்லியே." கடைசியாகச் சொன்னவர் எதைத் தேடி வந்தார் என்று புரிந்து நாலைந்து பேர் சிரித்தார்கள்.

இவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒன்பது மணிக் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எந்தப் படமும் நீளமாகத்தான் தெரியும். சப்டைட்டில் வெள்ளை எழுத்தில் வந்தது. பல காட்சிகளில் பின்னால் வெளிறிய வானம், வெளிறிய சுவர். பின்வரிசைக்காரர்கள் பாதி வசனத்தைப் படித்திருக்க முடியாது. எனக்குமே முதல் அரை மணி நேரம் மனம் ஒட்டவில்லை. இதெல்லாம் நாம் உட்கார்ந்து பேசிச் சரிசெய்யக்கூடியவை. ஆனால் குழுவின் முடிவு பழியை மொத்தமாகப் படத்தின்மேல் போட்டுவிட்டது.

நான் போட்டோகிராபரின் மகள். அப்பாவுக்குப் பிறகு ஸ்டூடியோவை இருபத்தாறு வருடம் நான்தான் நடத்தினேன். என் கல்லாவில் விழுந்த காசில் பெரும்பகுதி பெண் பார்க்கும் போட்டோவிலிருந்து வந்தது. அதனால் இந்தக் கதை எனக்கு வெளிநாட்டுக் கதையாகத் தெரியவில்லை.

1770ஆம் வருடம், பிரான்சின் பிரிட்டனி கடற்கரையை ஒட்டிய ஒரு தீவு. அப்பாவின் ஓவியத் தொழிலை எடுத்து நடத்தப்போகும் மரியான், படகில் வந்து இறங்குகிறாள். கன்னிமாடத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துவரப்பட்ட எலோயீஸை அவள் வரைய வேண்டும். அந்த ஓவியம் மிலானில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் போகும், பிடித்திருந்தால் கல்யாணம். முதலில் அந்த மாப்பிள்ளைக்குப் பேசியிருந்தது அக்காவை. அக்கா கடலோரப் பாறைமேட்டிலிருந்து விழுந்து செத்துப்போனாள். சம்பந்தம் கைவிட்டுப் போகக்கூடாது என்று தங்கையை நிறுத்துகிறார்கள். தங்கையோ ஓவியருக்கு முன்னால் உட்கார மறுக்கிறாள். ஏற்கெனவே வந்த ஓவியர் முகமில்லாத படத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே மரியான் பேச்சுத்துணைக்கு வந்தவள்போல நடந்துகொண்டு, பகலில் அவளுடைய காதையும் கையையும் களவாகப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் வரைய வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பெண்ணை அவள் அம்மா என் ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்தார். பட்டுப்புடவை, தலை நிறைய கனகாம்பரம். அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று "கொஞ்சம் சிரிடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று பிரேம் எடுத்தேன். மூன்றிலும் புருவத்துக்கு நடுவில் ஆழமாக ஒரு சுருக்கம். அன்று ராத்திரி நெகட்டிவை டச்சிங் பலகையில் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் அந்தச் சுருக்கத்தைப் புள்ளி புள்ளியாக நிரவினேன். பிரிண்டில் முகம் வழவழவென்று வந்தது. அம்மாவுக்கு அவ்வளவு திருப்தி. அந்தப் பெண் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நானாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் ஓவியத்தைக் காட்டியதும் எலோயீஸ் கேட்பதும் அதே கேள்விதான். மரியான் விதிமுறை, மரபு என்று ஏதேதோ சமாதானம் சொல்கிறாள். பிறகு துணியை எடுத்துத் தான் வரைந்த முகத்தைத் தானே தேய்த்து அழிக்கிறாள். அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் அழிக்காமல் கொடுத்தனுப்பிய போட்டோக்கள் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகின்றனவோ. எலோயீஸின் அம்மாவும் ஒன்று சொல்கிறார்: கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் அவர் முதன்முதலாக நுழைந்தபோது, அவருக்கு முன்பே அவருடைய படம் அங்கே சுவரில் காத்துக்கொண்டிருந்ததாம்.

இப்போது 'ஸ்லோ' என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். முகம் அழிக்கப்பட்டதும் எலோயீஸ் தானாகவே உட்காரச் சம்மதிக்கிறாள். அம்மா ஐந்து நாள் வெளியூர் போகிறார். திரும்பி வருவதற்குள் ஓவியம் முடிந்திருக்க வேண்டும். இரண்டு பெண்களுக்கும் வாழ்நாளில் கிடைத்தது அந்த ஐந்து நாள்தான். ஒவ்வொரு நாளும் ஓவியம் கொஞ்சம் கொஞ்சமாக நிறைவடைகிறது. நிறைவடைய நிறைவடையப் பிரிவு கிட்டே வருகிறது. நன்றாக வரைந்தால் அவளை அனுப்பிவைக்கத் தானே துணைபோனது ஆகும். இதைவிட நெருக்கடியான கெடுவை எந்தத் துப்பறியும் படத்திலும் நான் பார்த்ததில்லை. நாம் நாற்காலியில் நெளிந்த நேரமெல்லாம் அவர்களுக்குப் போதாத நேரம். அந்தச் சின்ன வேலைக்காரப் பெண் சோஃபியோடு மூவரும் அடுக்களையில் சீட்டாடும் காட்சியை யாரோ "தேவையே இல்ல" என்றார்கள். எண்ணி ஐந்து நாளே உள்ள வீட்டில் வயிறு குலுங்கச் சிரித்த ராத்திரி அது.

இந்தப் பொறுமை நம் மொழிக்குப் புதிதல்ல. கடலும் கடல் சார்ந்த நிலமும் நெய்தல், அதற்கு உரிப்பொருள் இரங்கல் என்று பள்ளியில் படித்தோம். களவில் கூடியவனை நினைத்துத் தலைவி பேசும் ஐந்தே வரிக் குறுந்தொகைப் பாட்டில், மூன்று வரியை ஆரல் மீனுக்குக் காத்து நிற்கும் குருகுக்குக் கொடுத்தவர்கள் நம் ஆட்கள். அந்தக் குருகின் காலைத் தினைத்தாளோடு ஒப்பிட, அதைப் பாடிய கபிலருக்கு அவகாசம் இருந்தது.

பின்னணி இசை இல்லை என்பது உண்மை. எப்போது அழ வேண்டும், எப்போது பயப்பட வேண்டும் என்று வயலின் சொல்லித்தராது. கரித்துண்டு கித்தானில் உரசும் சத்தம், விறகு வெடிக்கும் சத்தம், அலை, மூச்சு, இவ்வளவுதான். கதைமாந்தர் காதில் விழும் இசை மட்டுமே நம் காதிலும் விழுகிறது. ராத்திரியில் ஊர்ப் பெண்கள் தீ மூட்டி, கை தட்டி, சேர்ந்து பாடுகிறார்களே, அங்கே அறை முழுக்க எப்படி அமைதியானது என்று நினைத்துப் பாருங்கள். "மியூசிக்கே இல்ல" என்று அதுவரை முணுமுணுத்தவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்னணி இசையில்லாமல் இருந்த காதுக்குத்தான் அந்தப் பாட்டு அப்படிக் கேட்கும்.

"உள்ள ஒண்ணுமே இல்லியே" என்றவருக்கு ஒரு செய்தி. உங்களைப் போலவே பிரான்சிலும் சொன்னார்களாம். படத்தில் சூடு இல்லை, சதை இல்லை என்று தன் நாட்டில் கருதுவதாகச் சியாமாவே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். இரண்டு பெண்கள் என்றதும் வேடிக்கை பார்க்கக் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் பழகிவிட்டோம், இங்கேயும் அங்கேயும். இந்தப் படத்தில் பார்ப்பது ஒருவழி இல்லை. எலோயீஸ் ஒரு இடத்தில் மரியானைத் தன் பக்கத்தில் வரச் சொல்கிறாள். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தாய் என்ற பொருளில் கேட்கிறாள். கேமராவுக்குப் பின்னால் இருபத்தாறு வருடம் நின்றவள் நான். என் முன்னால் உட்கார்ந்த பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கதையே இல்லை என்றும் சொன்னார்கள். 2019 கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருது வாங்கிய படம் இது. 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் உலகின் எல்லாக் காலப் படங்களுக்கும் நடுவே முப்பதாவது இடம். விருதுக்காக ஒரு படம் பிடித்துப்போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கதை எங்கே இருக்கிறது என்று இன்னொரு தடவை தேடிப் பார்க்க இது போதும்.

முத்தக் காட்சியில் எழுந்த சிரிப்பைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இரண்டு பெண்களின் காதலைக் காட்டியதற்காக 1998 டிசம்பரில், தீபா மேத்தாவின் 'ஃபயர்' படம் ஓடிய தியேட்டரை மும்பையிலும் டெல்லியிலும் அடித்து உடைத்தார்கள். நம் அறையில் யாரும் எதையும் உடைக்கவில்லை. ஆனால் அறுபது பேரில் ஒருவராவது அந்தக் காதலைத் தன் காதலாகச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கலாம். அந்தச் சிரிப்பு அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்? 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இது சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உத்தரவு எழுதினார். ஒரு நீதிபதி அப்படி உட்கார முடிந்தது. நம்மால் இரண்டு மணி இரண்டு நிமிடம் உட்கார முடியாதா?

'குடும்பத்தோடு' என்ற சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டும். சோஃபி கருவைக் கலைத்துக்கொள்ளும் காட்சியில்தான் நிறையப் பேர் எழுந்து போனார்கள். கட்டிலில் அவள் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை படுத்திருக்கிறது. அவள் வலியில் துடிக்க, அது அவளைத் தொட்டு விளையாடுகிறது. மரியானும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எலோயீஸ் விடவில்லை, "பார்" என்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அந்த இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தவர் காட்சி முடியும் வரை விடவில்லை. பிரசவம், கலைப்பு, பெண் கொடுப்பது, பெண் எடுப்பது எல்லாம் குடும்பத்துக்குள் நடப்பவைதானே? ராத்திரி எலோயீஸ் சோஃபியை மறுபடி அதே மாதிரி படுக்கவைத்து, இதை வரை என்கிறாள். யாரும் வரையாத படம் அது. படம் நடக்கும் அதே 1770இல்தான் பிரான்சின் ராஜாங்க ஓவிய அகாடமி, பெண் உறுப்பினர்கள் நான்கு பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. ஆண் உடலை வரையப் பயிற்சி எடுக்கவும் பெண்களுக்கு அனுமதி இல்லை. எதையெல்லாம் பார்க்கக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதோ, அதே பட்டியலைத்தான் இப்போது நம் குழுவும் கையில் எடுத்திருக்கிறது.

கடைசி ஷாட்டில் என்ன போயிற்று என்று சொல்கிறேன். படத்தின் நடுவில், கன்னிமாடத்து ஆர்கன் இசை தவிர வேறு எதுவும் கேட்டிராத எலோயீஸுக்காக, மரியான் பியானோ மாதிரியான ஹார்ப்சிகார்டில், இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'கோடைக்காலம்' என்ற இசையைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிறாள். புயல் வரப்போகிறது, பூச்சிகளுக்கு அது தெரிந்துவிட்டது என்று வாசித்தபடியே சொல்கிறாள். பாதியில் மறந்துபோகிறது. மீதியை மிலானில் கேட்டுக்கொள்ளலாம், அது இசைக்குப் பேர்போன ஊர் என்கிறாள். பல வருடம் கழித்து ஓர் அரங்கில் எலோயீஸ் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அந்த மீதி இப்போது வாசிக்கப்படுகிறது, முழு வாத்தியக் குழுவோடு. கேமரா மெல்ல மெல்ல அவளை நெருங்குகிறது. மூச்சு ஏறுகிறது, கண்ணீர் வழிகிறது, நடுவில் ஒரு புன்னகை வந்து போகிறது. எதிர்ப்பக்கம் மரியான் இருக்கிறாள். எலோயீஸ் அவள் பக்கம் திரும்பவில்லை. வெட்டே இல்லாமல் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஷாட். அதில் முதல் அரை நிமிடம்தான் நமக்குக் கிடைத்தது.

விளக்கு எரிந்ததும் பக்கத்து அம்மா, "அவ இவளப் பாக்கவே இல்லியே, கடைசி வரைக்கும் பாக்க மாட்டாளா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் அவர் மகன் வந்து பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூட்டிப்போய்விட்டார்.

அடுத்த திரையிடலில் இதையே மறுபடி போடுங்கள். மாலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ஏழரைக்கு முடியும். எல்லோருக்கும் பஸ் இருக்கும். சப்டைட்டிலைக் கறுப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்தாக மாற்றலாம், என் பேரன் செய்து தருகிறேன் என்கிறான். "கொஞ்சம் ஸ்லோவான படம்" என்று முன்னுரையில் சொல்லாதீர்கள். கடைசிப் பெயர் ஓடி முடியும் வரை யாரும் சுவிட்ச் பக்கம் போக வேண்டாம். யாராவது நடுவில் எழுந்து போக நினைத்தால் போகட்டும், அவர்களுக்காகப் பக்கக் கதவைத் திறந்தே வையுங்கள்.

அந்த அம்மாவின் வீடு மார்க்கெட் தெருவுக்குப் பின்னால் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நானே போய்க் கூட்டிவருகிறேன். முன்வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் ஆயுள் சந்தா உறுப்பினர்