பார்க்கிங் லைட் ஒயரை எங்கே பிடித்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார் அலாரம் பொருத்துவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சைரன், ரிமோட், ஷாக் சென்சார் எல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்கள், சரி. ஆனால் லாக் செய்தால் பார்க்கிங் லைட் மின்னும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வெளியில் வாங்கிப் போடும் அலாரத்தில் வேலை சொதப்புவதே பெரும்பாலும் அங்கேதான், அதாவது அலாரத்தைப் பார்க்கிங் லைட் ஒயரோடு இணைக்கும் இடத்தில்தான்.

அவசரத்தில் பொருத்துகிறவர்கள் ஸ்டீரியோவுக்குப் பின்னால் இருக்கும், அதன் பட்டன்களுக்கு வெளிச்சம் தரும் இல்லுமினேஷன் ஒயரைப் பிடித்துவிடுகிறார்கள். கைக்கு எட்டுகிறது, பார்க்கிங் லைட்டைப் போட்டால் அதிலும் 12 வோல்ட் காட்டுகிறது, அப்புறம் என்ன! பல கார்களில் அது டாஷ்போர்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வழியாக வருகிற ஒயர். அலாரம் அதற்குள் கரண்டைத் தள்ளினால் வெளியே லைட் ஒழுங்காக எரியாது, டிம்மர் கருகினாலும் ஆச்சரியமில்லை. மல்டிமீட்டரை வைத்துக்கொண்டே டிம்மரைத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள், வோல்டேஜ் ஏறி இறங்கினால் அது நமக்கு வேண்டிய ஒயர் இல்லை. ஹெட்லைட்டுக்கு மாற்றினாலும் 12 வோல்ட் அசையாமல் நிற்க வேண்டும்.

அப்புறம் ரிலே, அதாவது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். சில அலாரங்களுக்கு உள்ளேயே ரிலே இருக்கும், நேராக 12 வோல்ட் தரும். சிலவற்றில் வருவது வெறும் நெகட்டிவ் சிக்னல், சில நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது. 5 வாட் பல்பு 6 இருந்தாலே 2.5 ஆம்பியர் ஆகிவிடுகிறது, 21 வாட் இண்டிகேட்டர் 4 என்றால் 7 ஆம்பியர். இதை ரிலே இல்லாமல் கொடுத்தால் போவது அலாரம் பெட்டிதான். இத்தனைக்கும் பெரிய வேலை ஒன்றும் இல்லை: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ம் நம்பர் பின்னுக்கு, 87-ம் பின்னிலிருந்து லைட்டுக்கு, 85-ம் 86-ம் ரிலேயை இயக்கும் காயிலுக்கு.

பார்க்கிங் லைட்டுக்குப் பதில் இண்டிகேட்டரைப் பிடிக்கிறார்கள் என்றால் இடது, வலது ஒயர்களை ஒன்றாக முறுக்கிவிடக் கூடாது. முறுக்கினால் இடப்பக்கம் திரும்ப சிக்னல் போடும்போது வலப்பக்கமும் சேர்ந்து மின்னும், பின்னால் வருகிறவன் என்னவென்று புரிந்துகொள்வான்? இரண்டுக்கும் தனித்தனி டயோடு (கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடுவது) அல்லது தனித்தனி ரிலே வேண்டும். சில ஐரோப்பிய கார்களில் பார்க்கிங் லைட்டே இடது வலது தனித்தனி என்பதால் அங்கேயும் இதே கதை.

புதிய கார்களில் இன்னும் சிக்கல். லைட் சுவிட்சிலிருந்து வருவது பல்புக்கான கரண்டே இல்லை, லைட் போன்றவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டியான பாடி கன்ட்ரோல் மாட்யூலுக்குப் போகும் சின்ன சிக்னல் மட்டும்தான், அதில் 12 வோல்ட்டைக் கொடுத்தால் மாட்யூலே போய்விடலாம். கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் இதற்காவது நாலு வரி ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்