கல் படகு கவிழ்த்த சாம்ராஜ்யமா? வரலாறு சொல்லும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

யூடியூபில் உலக வரலாறு சொல்லும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பேரன் சாப்பிட உட்கார்ந்தால் போனில் உங்கள் காணொளிதான் ஓடும். அவனுக்கு ஊட்டிக்கொண்டே நானும் பார்ப்பேன். சீனாவின் கடைசி அரசவம்சமான சிங் வம்சம் விழுந்த கதையை இந்த வருடம் மட்டும் நாலு பேர் சொல்லக் கேட்டுவிட்டேன். அபினி, ஆங்கிலேயர், அப்புறம் பேரரசி சிக்சி. கப்பற்படைப் பணத்தில் அந்த அம்மா கல்லால் படகு கட்டினார், ஜப்பானிடம் சீனா தோற்றது, சாம்ராஜ்யம் போச்சு. நாலிலும் இதே கதைதான். போதாததற்கு நெப்போலியன் சொன்னதாக ஒரு 'உறங்கும் சிங்கம்' வசனம் வேறு. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது, விட்டுவிடுங்கள்.

முதலில் அந்தப் படகு. பெய்ஜிங் கோடை அரண்மனையின் ஏரிக்கரையில் இன்றும் நிற்கிறது. கல் அடித்தளம் 1755-ல் சியான்லொங் பேரரசர் போட்டது. 1860-ல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் வந்தபோது மேல்கட்டு எரிந்துபோனது. சிக்சி 1893-ல் திரும்பக் கட்டிய மேல்கட்டு மரம். சலவைக்கல் மாதிரி தெரியச் சாயம் பூசியிருக்கிறார்கள். கப்பற்படைப் பணம் அந்தத் தோட்டத்துக்குத் திரும்பியது உண்மைதான். ஆனால் சிக்சி அதிகாரத்துக்கு வந்தது 1861 கடைசியில். கஜானா சாவி அதற்கு எட்டு வருடம் முன்பே கைமாறிவிட்டது. உங்கள் நாலு காணொளியிலும் காணாமல்போன வருடம் அதுதான்: 1853.

அந்த மார்ச்சில், சிங் அரசை எதிர்த்துக் கிளம்பிய தைப்பிங் கலகக்காரர்கள் நான்ஜிங் நகரைப் பிடித்தார்கள். தலைவர் ஹொங் சியுச்சுவான், அரசுத் தேர்வை நாலு முறை எழுதித் தோற்றவர். தன்னை ஏசுவின் தம்பி என்று நம்பியவர். அவரைப் பற்றி நீங்கள் சுவையாகவே சொல்கிறீர்கள், குறையில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். பெய்ஜிங்கின் பரம்பரை எட்டுக்கொடிப் படை சண்டைக்கு லாயக்கற்றுப் போயிருந்தது. கஜானாவிலும் காசில்லை. செங் குவோஃபான் என்ற அதிகாரி, தாயார் இறந்த துக்கத்துக்காக ஹூனான் மாகாணத்துச் சொந்த ஊருக்கு வந்திருந்தார். ஊர்க்காவல் படை திரட்டு என்று அவருக்கு ஆணை போனது.

அவர் திரட்டிய விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. தளபதியை அவர் பொறுக்குவார். தளபதி தனக்குக் கீழ் அதிகாரிகளைப் பொறுக்குவான். அதிகாரி தன் ஊர்ப் பையன்களைப் பொறுக்குவான். அரசுப் படையைவிடச் சம்பளம் கூட. சிப்பாய்க்குத் தெரிந்ததெல்லாம் தன்னைச் சேர்த்துக்கொண்ட அண்ணனைத்தான், பெய்ஜிங்கில் இருக்கும் பேரரசரை அல்ல. அதிகாரி செத்தால் பெரும்பாலும் அந்தப் பிரிவையே கலைத்துவிட்டு வேறு ஆள் புதிதாகத் திரட்டவேண்டும்.

சம்பளத்துக்குப் பணம்? அதே 1853-ல் யாங்சோ பக்கம் 'லீஜின்' என்றொரு வரி பிறந்தது. சரக்குப் படகு போகும் வழியில் சாவடி போட்டு வசூலிப்பது. பெயருக்கு நூற்றுக்கு ஒன்று. ஆனால் சாவடிக்குச் சாவடி கட்டவேண்டும். வரி மாகாணம் மாகாணமாகப் பரவியது. பணத்தில் பெரும்பங்கு ஆளுநர்கள் கையிலேயே நின்றுவிட்டது. படையும் அவர்களுடையது, காசும் அவர்களுடையது. (காசு சுருங்கினால் என்ன ஆகும் என்பதற்கு முந்தைய மிங் வம்சமே சாட்சி. செலவைக் குறைக்க அஞ்சல் நிலையங்களில் ஆட்குறைப்பு செய்தார்கள். அப்படி வேலை போன லி சிச்செங்தான் 1644-ல் படையோடு பெய்ஜிங்குக்குள் நுழைந்தது.)

1864-ல் நான்ஜிங் மீண்டது. செங் தன் படையில் பெரும்பகுதியைத் தானே கலைத்தார், மனுஷன் நாணயஸ்தர்தான். ஆனால் அவர் போட்ட பாதை அழியவில்லை. அவருடைய சீடர் லி ஹொங்சாங் இன்னொரு மாகாணப் படையும், பிறகு வடக்கில் பெய்யாங் கப்பற்படையும் வளர்த்தார். 1884-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஃபூசோவில் தெற்குக் கப்பற்படையை ஒரு மணி நேரத்துக்குள் நாசமாக்கினார்கள். வடக்குக் கப்பல்கள் உதவிக்கு வரவில்லை. பத்து வருடம் கழித்து ஜப்பான் வடக்கை அடித்தபோது தெற்கு வாய்மூடிக் கிடந்தது.

இனி நான் சொல்லப்போவது உங்கள் ஒருவர் வாயிலும் வராதது. 1895 பிப்ரவரியில் வெய்ஹாய்வெய் துறைமுகத்தில் பெய்யாங் கப்பற்படை சரணடைந்தது. சரணடைந்த தரப்பு அதிகாரி ஒருவர் ஜப்பானியத் தளபதியிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். பிடிபட்ட கப்பல்களில் 'குவாங்பிங்' என்பது குவாங்தொங் மாகாணத்துடையது, அந்த மாகாணத்துக்கும் இந்தப் போருக்கும் சம்பந்தமில்லை, அதை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்று! ஜப்பான்காரன் கொடுக்கவில்லை. எங்கள் வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று காத்திருந்து, 'ஏன் அந்த ஆளுக்கு அது சிரிப்பாகத் தோன்றவில்லை?' என்று கேட்பேன். வகுப்பு கப்சிப்.

ஐந்து வருடம் தள்ளி, 1900-ல், அந்நியரை விரட்டக் கிளம்பிய பாக்சர் கலகத்தை நம்பி அரசவை அந்நிய நாடுகள்மேல் போர் அறிவித்தது. தெற்கிலும் யாங்சி கரையிலும் இருந்த பெரிய ஆளுநர்கள் அந்த ஆணையை ஓரமாக வைத்துவிட்டு, ஷாங்காயில் அந்நியத் தூதர்களோடு தனியாகப் பேசி முடித்துக்கொண்டார்கள். சொந்த அரசாங்கம் அறிவித்த போரில் பாதி நாடு சேரவே இல்லை.

அந்நியர் அழுத்தம் பொய் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அபினிப் போரை முடித்த 1842 நான்ஜிங் ஒப்பந்தத்தில் ஆங்கிலேயருக்கு 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர். 1895-ல் ஜப்பானுக்கு 20 கோடி டேல் (சீன எடை அளவு) வெள்ளி. 1901-ல் 45 கோடி டேல், அதுவும் 39 வருடத் தவணை, வட்டி தனி. எந்த அரசுக்கும் முதுகு ஒடியும். ஆனால் முதுகு ஏற்கெனவே எங்கே விண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் பாரத்தை மட்டும் சொன்னால் கணக்கு தப்பு.

அந்நியர் என்றீர்களே, அதில் நம் பங்கையும் சொல்லுங்கள். அபினி இங்கிருந்துதான் போனது. பீகாரில் விளைந்ததைக் கம்பெனிக்காரன் கல்கத்தாவில் ஏலம் போட்டான். அந்த அபினிப் போருக்கு நம் சிப்பாயும் போனான். 1841 மே கடைசி, காண்டன் (இன்றைய குவாங்சோ) நகருக்கு வெளியே சான்யுவான்லி கிராமம். கொட்டுகிற மழை. 37-வது சென்னைக் காலாட்படையின் ஒரு பிரிவு, சுமார் 60 பேர், வழிதவறி வயல்வெளியில் மாட்டிக்கொண்டது. சுற்றிலும் ஈட்டியும் மண்வெட்டியுமாய் ஊர்ஜனம். நம் ஆட்களிடம் இருந்தது சிக்கிமுக்கித் துப்பாக்கி. மருந்து நனைந்தால் வெறும் கட்டை. சதுரமாய் முதுகோடு முதுகு நின்று துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டியால் சமாளித்தார்கள். மழையிலும் சுடும் புதுரகத் துப்பாக்கியோடு கடற்படை வீரர்கள் தேடி வந்த பிறகுதான் மீண்டார்கள். மறுநாளும் ஜனம் திரண்டு நின்றது. அவர்களைக் கலைத்து அனுப்பியவர் யார் தெரியுமா? காண்டனின் சீன அதிகாரியே. அரசு நம்மைக் காக்காது, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பக்கத்துக் கிராமங்கள் முடிவுகட்டிய நாள் அது. தைப்பிங் கலகம் பத்தே வருடத்தில் அடுத்த மாகாணத்தில் கிளம்பியது.

கடைசிக் காட்சியை எப்படி முடிப்பது என்று கேட்டால், 1911 அக்டோபர் 10-ல் வூச்சாங்கில் கலகம் செய்தது ஹூபே மாகாணத்தின் புதுப்படை. இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலான மாகாணங்கள் தனித்தனியே 'நாங்கள் விலகிவிட்டோம்' என்றன. அரசவை காலில் விழாத குறையாகக் கூப்பிட்டது யுவான் ஷிகாயை. லி ஹொங்சாங்கின் வழியில் வந்து பெய்யாங் தரைப்படையைக் கையில் வைத்திருந்தவர். அவர் இரண்டு பக்கமும் பேரம் பேசினார். 1912 பிப்ரவரி 12-ல் ஆறு வயதுப் பூயியின் பெயரில் முடி துறப்பு ஆணை வந்தது. சிக்சி இறந்து அப்போது மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அடுத்த காணொளிக்கு அட்டைப்படம் வேண்டுமென்றால் கல் படகை எடுத்துவிட்டுக் குவாங்பிங்கைப் போட்டுப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் பேரன் 'இது என்ன கப்பல் தாத்தா?' என்று கேட்டால் பதில் சொல்ல நான் தயார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்