புளி போட வேண்டாம் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மூன்று மாதமாக ஒரு வரியும் எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நான் நல்ல சுகம். வேலை கூட, வேறொன்றுமில்லை.

முதலில் அவசரமான விஷயம். அப்பாவின் மாப்பேணியில் இருக்கிற, யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேதுக் காசுகளைச் சின்ன மாமா புளி போட்டு மினுக்கப் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து விடாதேயுங்கள். குத்துவிளக்குக்குப் புளி சரி. பழைய செப்புக் காசில் அது பட்டால் மேல்தோல் உரிந்துபோகும். நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் மழுங்கினால் பிறகு ஒருவராலும் திருப்பிக் கொண்டுவர ஏலாது.

அடுத்த வீட்டு ஐயாவிடம் இருந்துதான் இதைப் படித்தேன். உழுத வயல்களில், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, உலோகம் தேடும் கருவியோடு நடக்கிறவர். இங்கே இங்கிலாந்தின் நோர்போக்கில் இப்போது உழவு முடிந்த காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரோடு போகிறேன். போன கிழமை ஒரு சாண் ஆழத்தில் ஒரு வெள்ளிக்காசு வந்தது. பெருவிரல் நகத்தளவு, ஒன்றரைக் கிராமும் இராது.

அவர் அதைத் தேய்க்கவே இல்லை அம்மா. காய்ச்சி வடித்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டார். காலையில் ஈர்க்கு மாதிரி ஒரு மெல்லிய குச்சியால் மண்ணை மட்டும் உருட்டி எடுத்தார். துணியால் ஒற்றினார், அவ்வளவுதான். கறுப்பு அப்படியே இருக்கட்டும், அதுதான் காசின் வயது என்றார். கொஞ்சம் வளைந்திருந்தது, நிமிர்த்தவும் விடவில்லை. மண்ணுக்குள் கிடந்த வெள்ளி மொறுமொறுவென்று உடையுமாம்.

பூதக்கண்ணாடியில் நான்தான் எழுத்துக் கூட்டினேன். இரண்டு பக்கமும் சுருள் முடியோடு ஒரு முடிசூடிய முகம். பின்பக்கம் விளிம்புவரை நீண்ட சிலுவை, நான்கு மூலையிலும் மூன்று மூன்று புள்ளி, சுற்றிவர 'சிவிற்றாஸ் லண்டன்'. லண்டன் நகரத்தில் அடித்தது. 1279இல் முதலாம் எட்வேர்ட் தொடங்கிய காசு. மகன் காலத்திலும் அதே முகத்தையே அடித்தார்களாம். அதனால் அப்பன் காசா மகன் காசா என்று கிரீடத்தையும் எழுத்தையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பழம்பொருள் பதியும் அலுவலரிடம் காட்டப் போகிறார்.

அந்தக் காசை உள்ளங்கையில் வைத்தபோது 95இல் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டதுதான் நினைவு வந்தது. காணி உறுதியையும் இந்தப் பேணியையும் மட்டும் அப்பா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாரே. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பின்னேர ரயில் போகும்போது கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டு ஜன்னல் அதிருமே, அந்தச் சத்தம் கேட்டால் போதும் போல இருந்தது. இங்கே ஐஸில் வைத்த தேங்காய்ப்பூவில் சம்பல் இடித்தேன், வாயில் வைக்க முடியவில்லை. ஆடிவேல் திருவிழா எப்படிப் போனது என்று நீங்கள் எழுதவேயில்லை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சியின் சம்பந்தத்துக்காகக் காசுகளை விற்க வேண்டாம். இந்த மாதப் பணம் கொஞ்சம் பிந்தும், வங்கியில் தாமதம். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புவேன். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தை வரை பொறுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் மாடி ரீச்சர் அக்கா பேசினால் கேட்பார்கள். அலுமாரிச் சாவி உங்களிடமே இருக்கட்டும். பேணியில் எத்தனை காசு என்று எண்ணி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசியில் சுற்றி வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். பிரஷர் குளிசையைத் தவறவிடாதேயுங்கள்.

அன்பு மகன்