காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெருநாள் கடிதம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முழங்கால் வலிக்கு எண்ணெயையே நம்பியிராமல் மருத்துவரைப் பார்.

“பெருநாள் எல்லா ஊரிலும் ஒன்றுதானே, அங்கே என்ன புதிதாகக் கண்டாய்?” என்று கேட்டிருக்கிறாய். திண்டுக்கல்லில் நாங்கள் ராவுத்தர்கள், ஹனஃபி வழி. இந்தக் கடற்கரை ஊரோ ஷாஃபி வழி. இரண்டும் இஸ்லாமியச் சட்டத்தை விளக்கும் மரபுகள். மார்க்கம் ஒன்று, பழக்கம் வேறு. அதுதான் சுவாரசியம்.

பித்ராவையே எடுத்துக்கொள். நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய தர்மம் அது. வீட்டில் எத்தனை தலையோ அத்தனை பங்கு. பால் குடிக்கும் பிள்ளைக்கும் சேர்த்து தகப்பன்தான் கொடுக்க வேண்டும். எங்கள் அத்தா கணக்குப் பார்த்துப் பணமாகவே கொடுத்துவிடுவார். ஹனஃபியில் அதற்கு இடமுண்டு. ஷாஃபியில் தானியமாகவே கொடுக்க வேண்டும், தலைக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ. அதனால் பெருநாள் இரவில் இங்கே அரிசி அளந்து ஓயவில்லை. எனக்கென்னவோ இதுவே பிடித்திருக்கிறது. பணம் கடன்காரனுக்குப் போய்விடலாம்; அரிசி அடுப்புக்குத்தான் போகும்.

தொழுகையிலும் வேறுபாடு உண்டு. ஹனஃபியில் ஒவ்வொரு ரக்அத்திலும், அதாவது தொழுகையின் ஒவ்வொரு சுற்றிலும், கூடுதலாக மூன்று தக்பீர்: கையை உயர்த்தி ‘அல்லாஹு அக்பர்’ என்று சொல்வது. இங்கே முதலில் ஏழு, அடுத்ததில் ஐந்து. அதோடு, இரண்டாவது ரக்அத்தில் நாங்கள் ஓதி முடித்த பின் சொல்வதை இவர்கள் ஓதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். வெளியூர் ஹனஃபி விருந்தாளி கையை உயர்த்தும்போது வரிசையே ருகூஉவில் குனிந்திருக்கும். யாரும் கோபிப்பதில்லை.

சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் நீ மன்னிக்க மாட்டாய். நம் ஊர் சேமியா பாயசத்தின் இடத்தில் இங்கே வட்டலப்பம்: முட்டையும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்து ஆவியில் வேக வைப்பது. இலங்கையிலும் இதுதான் பெருநாள் பண்டம். இவ்வூர் வணிகர்கள் காலங்காலமாக அங்கே போய் வந்தவர்கள் அல்லவா? பேரப்பிள்ளைகளுக்கு இனிப்பு இரண்டாம்பட்சம். பெருநாள் காசை எண்ணுவதிலேயே பொழுது போய்விட்டது.

பிறை விஷயத்தில் மட்டும் எல்லா ஊரும் ஒன்று. இருபத்தொன்பதாம் நோன்பு மாலையில் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள், பிறகு தொலைபேசியைப் பார்க்கிறார்கள். தெரியாவிட்டால் முப்பது. கண்ணால் காண வேண்டும் என்பவரும் கணக்கிட்டால் போதும் என்பவரும் ஒரே தெருவில் இருந்தால் இரண்டு பெருநாள். இறைச்சிக் கடைக்காரருக்கு எந்தக் கட்சியும் சம்மதம்தான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ குடும்பத்தோடு வர வேண்டும். அன்று பலி கொடுக்கும் குர்பானிக் கறியில் உறவுக்கும் நட்புக்கும் ஒரு பங்கு உண்டு, அதில் உன்னுடையதை எடுத்து வைப்பேன். அந்தப் பெருநாள் பிறை மாதத்தின் பத்தாம் நாள் என்பதால் தேதி ஒன்பது நாளுக்கு முன்பே தெரிந்துவிடும். பிறை தெரிந்ததும் எழுதுகிறேன், அப்போதே ரயில் டிக்கெட் எடுத்துவிடு. திருச்செந்தூர் ரயில் இங்கே நின்றுதான் போகும். உன் மனைவி முருகனையும் பார்த்துவிட்டு வரலாம்.

அன்புடன்,
ஜமால்