அக்காவின் கத்தி

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். ஒஹாயோவில் குளிர் இன்னும் விடவில்லை. நலம் விசாரிப்பு முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போனில் மழுப்பியதை உன் பையன் படம் பிடித்து அனுப்பிவிட்டான். மெஸ் அக்காவுக்கு நான் செய்து கொடுத்த கத்தியின் வாயில் மூன்று இடங்களில் பல் போயிருக்கிறது. ஆட்டு எலும்புதானே? படம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வெட்கத்தில்தான் எழுதவில்லை.

சாணைக்காரர் வேறு, "இது இரும்பே இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராமே! அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தக் கத்திக்கு நான் எடுத்தது சிபிஎம் 10வி என்கிற எஃகு; அதில் வனேடியம் என்கிற உலோகம் ஏறக்குறைய பத்து சதவீதம், கார்பன் இரண்டரை. இரண்டும் சேர்ந்து உண்டாகும் கார்பைடின் கடினம் விக்கர்ஸ் அளவில் 2800 வாக்கில் இருக்கும். சாணைக்கல்லில் இருக்கிற அலுமினியம் ஆக்சைடு 2000 சொச்சம்தான். யார் யாரைத் தேய்ப்பது?

இத்தனை வனேடியத்தை உருக்கி அச்சில் ஊற்றி மெதுவாக ஆறவிட்டால், ரவை கட்டிய உப்புமா மாதிரி கார்பைடு திரண்டுவிடும். அதனால் உருகிய எஃகைச் சன்னமாக ஒழுகவிட்டு, வாயுவைப் பீய்ச்சித் தூளாக்குகிறார்கள். துளி சட்டென்று உறைவதால் கார்பைடு பொடியாகவே நின்றுவிடும். அந்தத் தூளை டப்பாவில் அடைத்து, காற்றை உறிஞ்சி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக்குவார்கள். நம் டூல்ரூமில் இதைச் சொல்லியிருந்தால் லேத் மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார்.

ஆனால் நான் பட்ட பாடு! பதம் ஏற்றிய பிறகு வாய்க்குச் சரிவு எடுக்க ஆறு சாணை பெல்ட் தின்றது. ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கி, வெறும் விரலால் சூடு பார்த்துத் தேய்த்தேன். அப்புறம் உப்புத்தாள். 220-ஆம் எண் தாள் போட்ட கீறலை 400 அழிக்கவே மாட்டேன் என்றது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. "கத்தி தேய்கிறதோ இல்லையோ, நீங்கள் தேய்கிறீர்கள்" என்றாள் இவள்.

கடைசியில் கூர் நிற்கிறதா என்று பார்க்க அட்டைப்பெட்டியாக வெட்டித் தள்ளினேன். கராஜ் முழுக்க அட்டைக் குப்பை. அதற்குப் பிறகும் செய்தித்தாளில் சத்தமில்லாமல் இறங்கியது. அந்தப் போதையில் வாயை இன்னும் மெலிதாக்கி, ராக்வெல் கடினம் 63-இல் அக்காவுக்கு அனுப்பி வைத்தேன். மெஸ்ஸில் எலும்பு வெட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? அங்கே எத்தனை வருடம் சாப்பிட்டவன் நான்!

சேகர், இதுதான் உறுத்துகிறது. கூர் போகாத கத்தி வேண்டும் என்று அக்கா ஒருநாளும் கேட்கவில்லை. லேத் மாமா பழைய ஆக்ஸா பிளேடில் அடித்துக் கொடுத்த கத்தியை, அக்கா காலையில் துவைக்கிற கல்லின் விளிம்பில் நாலு இழுப்பு இழுப்பார். அவ்வளவுதான், அன்றைய வேலை ஓடிவிடும். நான் அந்தக் கல்லை நினைக்காமல் அட்டையை நினைத்துக் கத்தி செய்திருக்கிறேன். பரிசு என்ற பெயரில் என் பெருமையைப் பார்சல் கட்டியிருக்கிறேன்.

அந்த எஃகைச் செய்த க்ரூசிபிள் நிறுவனம் 2024 டிசம்பரில் திவால் மனு போட்டபோது பதறி வாங்கிய இரண்டு பட்டைகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை இப்போதைக்குத் தொடப்போவதில்லை. அக்காவுக்குச் சாதாரணக் கார்பன் எஃகில், கொஞ்சம் தடித்த வாயோடு ஒன்று செய்கிறேன். பல் போனதை உன் தம்பி மகன் திரும்பி வரும்போது கொடுத்தனுப்பு. வைரத் தகட்டில் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். பெரிய பெட்டியில் வைக்கச் சொல். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் அவனையும் சேர்த்துப் பிடித்து வைப்பார்கள்.

ஒரு வேலை செய். லேத் மாமாவின் கத்தியை எடுத்து, வாயிலிருந்து கால் அங்குலம் மேலே கனம் எவ்வளவு என்று மைக்ரோமீட்டரில் அளந்து எழுது. அக்கா மதியம் தூங்கும்போது அள. கேட்டால் என் பெயரைச் சொல்லாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்