ஒரு கம்போங் கோழி (நாட்டுக்கோழி), ஒரு வாரச் சமையல்

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் மருமகளும் நலமா? நாங்கள் இங்கே பினாங்கில் நலம். அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை.

"கம்போங் கோழி ஒன்னு வாங்குற காசுல சாதாரணக் கோழி ரெண்டு வாங்கிடலாம்மா, கோலாலம்பூர் (கே.எல்.) வாடகைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது" என்று போனில் சொன்னாய் அல்லவா, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுவாய். விலையைப் பற்றி நீ சொன்னது சரிதான். ஆனால் நீ கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறாய். நான் எத்தனை வேளைக்கு வரும் என்று பார்க்கிறேன்.

சாதாரணக் கோழிக்கு அரசாங்கம் கிலோ 9.40 வெள்ளி (ரிங்கிட்) என்று உச்சவிலை வைத்திருந்தது. 2023 நவம்பர் 1-ஆம் தேதி அந்தக் கட்டுப்பாடும் மானியமும் போய்விட்டன. அதற்கப்புறம் கடைக்காரர் சொல்வதுதான் விலை. அந்தக் கோழி ஐந்தாறு வாரத்திலேயே கடைக்கு வந்துவிடுகிறது. சதை நிறைய இருக்கும், ஆனால் அதன் எலும்பை எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் சாறு சப்பென்றுதான் இருக்கும். கம்போங் கோழி இரண்டு மூன்று மாதமாவது வளர்ந்தது, ஓடியாடின கால். சதை குறைவு, ருசியெல்லாம் எலும்பிலும் தோலிலும் இருக்கிறது. நீ கொடுக்கும் காசில் பாதி எலும்புக்குத்தான் போகிறது. எலும்பைக் குப்பையில் போடுகிறவன் கம்போங் கோழி வாங்கவே கூடாது.

வாங்கும்போது பார்த்து வாங்கு. அட்டையில் கம்போங் என்று எழுதியிருப்பதெல்லாம் மண்ணில் மேய்ந்தது இல்லை, கொட்டகையில் வளர்த்த கலப்பினத்துக்கும் அந்தப் பெயரைத்தான் வைக்கிறார்கள். காலைப் பார்: பாதம் தடித்து, நகம் தேய்ந்திருந்தால் நடந்த கோழி. நெஞ்சு ஒடுக்கமாக இருக்கும். சனிக்கிழமை காலையில் சௌக்கிட் சந்தைக்குப் போய் ஒன்றரைக் கிலோவுக்குள் ஒன்று எடுத்தால் உங்கள் இரண்டு பேருக்குத் தாராளம். சும்மா நின்றால் கடைக்காரர் கறித்துண்டாக வெட்டித் தள்ளிவிடுவார். மலாயில் 'போத்தோங் எம்பாட்' என்று சொல்லி நான்காக மட்டும் வெட்டச் சொல். கழுத்து, பாதம், ஈரல், இரைப்பை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள். காசு கொடுத்ததில் அதுவும் அடக்கம்.

வீட்டுக்கு வந்ததும் தொடை இரண்டையும் தனியாக வை, அது ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு. இறக்கை, முதுகு, கழுத்து, பாதம் எல்லாவற்றையும் பெரிய சட்டியில் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, தட்டிய இஞ்சி, சின்ன வெங்காயம், கொஞ்சம் மஞ்சள் சேர்த்து அடுப்பில் வை. மருமகளுக்குக் கோழிப் பாதம் பிடிக்காது என்றால் வற்புறுத்தாதே, வெந்ததும் எடுத்துவிடலாம். ஆனால் போடாமல் இருக்காதே, சாறு கெட்டியாவதே அதனால்தான். கொதி வந்ததும் மேலே வரும் நுரையை வழித்துவிட்டு, நெஞ்சுத்துண்டுகளை எலும்போடு உள்ளே இறக்கு. தீயைக் குறை. தளதளவென்று கொதித்தால் சாறு கலங்கிவிடும், சதையும் விறைக்கும். அரை மணி நேரம் கழித்து நெஞ்சைப் பிளந்து பார். உள்ளே சிவப்பு இல்லையென்றால் எடுத்து ஆறவைத்து, நாராகப் பிய்த்து டப்பாவில் போடு. அந்த எலும்பைத் திரும்பச் சட்டியிலேயே போட்டுவிடு. இன்னும் ஒன்றரை மணி நேரம் அது பாட்டுக்கு வேகட்டும். உப்பு இப்போது வேண்டாம், ஒவ்வொரு சமையலிலும் தனித்தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

நம் ஊர் ஹைனான் கோழிச்சோற்றுக் கடையில் என்ன செய்கிறார்கள்? கோழி வெந்த தண்ணீரிலேயே சோறு ஆக்குகிறார்கள், சோற்றுக்கு மணம் கோழிக் கொழுப்பு, மிச்சத் தண்ணீர் சூப்பு. நம் வீட்டிலும் அதே வேலைதான், மிளகு சீரகம்தான் கூடுதல்.

சாற்றை வடிகட்டி, சட்டியைப் பச்சைத் தண்ணீர் வைத்த பேசினில் இறக்கி ஆறவை. கே.எல். வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே. சின்னச் சின்ன டப்பாவில் ஊற்றி, இரண்டு நாளில் தேவைப்படுவதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக்கொண்டு மற்றதை ஃப்ரீசரில் வை. மறுநாள் திறந்தால் கட்டியாக உறைந்திருக்கும். அதில் ஒரு டப்பா கோழி ரசத்துக்கு, ஒன்று கஞ்சிக்கு. மேலே மிதந்து உறையும் கொழுப்பை வழித்து வைத்துக்கொள், சோறு பிரட்ட எண்ணெய் வேண்டாம். இதெல்லாம் இருக்கும்போது சூப்புக் கட்டி எதற்கு?

அன்று ராத்திரியே ஈரலையும் இரைப்பையையும் மிளகு போட்டு வறுத்துவிடு, அது தங்காது. இரைப்பையை முதலில் வேகவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர்.

ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குத் தொடையைச் சின்னத் துண்டாக வெட்டி, குக்கரில் நாலைந்து விசில் விடு. உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் அப்புறம் போடு, முதலிலேயே போட்டால் கரைந்துவிடும். தண்ணீருக்குப் பதில் சாறு ஊற்றினால் தேங்காய்ப்பாலே தேவையில்லை. சுங்கைப்பட்டாணி தோட்டத்தில் உன் பாட்டி ஒரே சேவலை லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) முழுவதற்கும் விருந்தாளிக்கும் சேர்த்து ஆக்குவார். கறியை அவரேதான் தட்டில் வைப்பார், சட்டிப் பக்கம் யாரும் போகக் கூடாது. நீயும் சட்டியை மேசைக்குக் கொண்டு போகாதே. தட்டில் போட்டுக்கொண்டு வந்து உட்கார். மிச்சக் குழம்பு திங்கட்கிழமை தோசைக்கு ஆகும்.

செவ்வாயும் வெள்ளியும் நம் வீட்டில் சைவம். கே.எல். போய் நீ விட்டுவிட்டாய், தெரியும். சாமிக்காக இல்லாவிட்டாலும் பர்சுக்காக மறுபடி ஆரம்பி. புதன்கிழமை பிய்த்து வைத்த சதையில் பாதியை முட்டைக்கோஸ், சாவிக்கீரையோடு (கடுகுக்கீரை) மீஹூனில் (அரிசிச் சேமியா) பிரட்டு. மீதியைச் சனிக்கிழமையே ஃப்ரீசரில் வைத்திருந்தால் வியாழக்கிழமைக் கஞ்சிக்கு ஆகும். ராத்திரியே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடு, மேசையில் வைத்து உருக்காதே.

மிளகாய்த்தூள் அரைத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் உன் சித்தப்பா பஸ்ஸில் கே.எல். வருகிறார், கொடுத்து அனுப்புகிறேன். குக்கர் ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டது என்றாயே, எத்தனை லிட்டர் குக்கர் என்று எழுது, அதையும் சேர்த்து வாங்கிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா