வாஷிங்டன் பிரெய்ரி சபையைப் பற்றி ரூபிக்கு அப்பா எழுதுவது

மயிலாடுதுறை,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ரூபிக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் ஜோயலும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம்.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஜோயலுக்கு அடுத்த வருடம் சபையார் முன் விசுவாசத்தை அறிக்கையிடும் திடப்படுத்தல், பத்துக் கட்டளையும் விசுவாசப் பிரமாணமும் எல்லாம் ஆங்கிலத்தில்தான் சொல்லப்போகிறான், தமிழில் ஒரு வரி வராது, "இது என் தப்பாப்பா?" என்று கேட்டாய். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இருக்கும்போதே அம்மா போனைப் பிடுங்கி ரசப்பொடி தீர்ந்துவிட்டதா என்று ஆரம்பித்துவிட்டாள். போனில் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில், அயோவா மாநிலத்து டெக்கோராவில் உன் வீட்டில் இருந்த ஐந்து மாதமும் நீங்கள் வேலைக்குக் கிளம்பியபின் நான் எங்கே போனேன் என்று நினைக்கிறாய்? பாதி நாள், நார்வேயிலிருந்து குடியேறியவர்களைப் பற்றிய வெஸ்டர்ஹைம் மியூசியத்தில்தான். அங்கே பழைய மரக்கட்டை வீடு ஒன்றை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எரிக் எகே என்ற விவசாயியின் வீடு. உள்ளே நின்று நான் அடி வைத்து அளந்தேன். பதினாலுக்குப் பதினாறு அடி. நம் பழைய வீட்டு அடுப்படியையும் ரேழியையும் சேர்த்தால் அவ்வளவு வரும். 1853 கிறிஸ்துமஸை ஒட்டி நார்வேயிலிருந்து புதிதாக வந்த போதகர் உல்ரிக் வில்ஹெல்ம் கோரனும் அவர் மனைவி எலிசபெத்தும் இந்த வீட்டில்தான் வந்து இறங்கினார்கள். வீட்டுக்காரர், அவர் மனைவி, இரண்டு குழந்தைகள், இவர்கள் இரண்டு பேர். நடுவே சீட்டித்துணியில் ஒரு திரை. அந்தத் திரைக்கு அந்தப்பக்கம்தான் குருமனை, அதாவது போதகர் வீடு.

எலிசபெத் அம்மாளுக்கு அப்போது வயது 21. லார்விக் ஊரில் ஒரு வாத்தியார் வீட்டுப் பெண். புத்தகமும் நல்ல துணிமணியுமாக வளர்ந்தவர். அவர் எழுதிய நாட்குறிப்பு அச்சில் வந்திருக்கிறது, உன் ஊர் நூலகத்தில் எடுத்துப் படித்தேன். சாப்பாட்டைப் பற்றி ஒரு இடத்தில் சொல்கிறார்: ஒருநாள் அவித்த பன்றி, மறுநாள் பொரித்த பன்றி, ஒருநாள் கொஞ்சம் வெந்தது, ஒருநாள் நன்றாக வெந்தது. உருளைக்கிழங்கு தீர்ந்துவிட்டது. ஊறுகாய் ஜாடிதான் ஆறுதல். படித்துவிட்டுச் சிரித்தேன். நீ அங்கே போன முதல் குளிர்காலத்தில் எலுமிச்சை ஊறுகாய் அனுப்பச் சொல்லி அழுதது ஞாபகம் வந்தது.

அவர்கள் வந்தது வாஷிங்டன் பிரெய்ரிக்கு, டெக்கோராவிலிருந்து தென்கிழக்கே நீ என்னைக் காரில் கூட்டிப்போனாயே, அந்த மேட்டு நிலத்துக்கு. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே குடியேறிய முதல் நார்வே லுத்தரன் போதகர் கோரன்தான். சபைக்கு அப்போது பெயர் 'லிட்டில் அயோவா'. சபை என்றால் ஒரு கோயில் இல்லை, வடகிழக்கு அயோவாவும் மின்னசோட்டாவின் தென்கோடியும் சேர்ந்த பெரும்பரப்பு. போதகர் கோரன் குதிரையிலும் பனிச்சறுக்கு வண்டியிலும் சுற்றி வந்து வீட்டுக்கு வீடு ஆராதனை நடத்துவார், ஞானஸ்நானம் கொடுப்பார். எலிசபெத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் திரும்பி வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். குருமனை எழும்பும்வரை வீடு மாறி வீடு மாறித்தான் காலம் தள்ளினார்கள்.

இந்த விவசாயிகள் ஏன் வந்தார்கள் என்றால், நிலம். நார்வேயில் உழக்கூடிய மண் நூற்றுக்கு மூன்று பங்குதான், மீதி பாறையும் காடும். மூத்தவனுக்குப் பண்ணை, மற்றவர்களுக்கு அடுத்தவன் நிலத்தின் ஓரத்தில் ஒரு குடிசையும் கூலியும். அயோவாவில் கரிசல் மண்ணைக் கண்டவர்களுக்கு வாக்குத்தத்த நாடு மாதிரித்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த மண் சும்மா கிடக்கவில்லை. ஹோ-சங்க் என்ற பூர்வகுடி மக்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியது 1848இல். நார்வேக்காரர்கள் வந்தது 1850 வாக்கில். இரண்டே வருடம். உன் ஊரின் பெயரே அந்த மக்களின் தலைவர் ஒருவருடையது, உன் மாவட்டமான வின்னஷீக்கின் பெயரும் அப்படியே. பெயரை வைத்துக்கொண்டு ஆட்களை அனுப்பிவிட்டார்கள். இதைப் பற்றி அந்த அம்மாளின் நாட்குறிப்பில் வருத்தம் தேடினேன், என் கண்ணுக்கு அகப்படவில்லை.

சொந்த ஊரில் போதகர் என்றால் அரசாங்க உத்தியோகஸ்தர், ராஜா சம்பளம். இங்கேயோ விவசாயிகளே கூடி அழைப்புக் கடிதம் அனுப்பி, அவர்களே நிலம் கொடுத்து, அவர்களே படியளக்க வேண்டும். கூலி கொடுப்பவன் குரல் கொஞ்சம் உயரத்தானே செய்யும்? ஆனாலும் கோரன் கழுத்தில் மடிப்பு மடிப்பாக வெள்ளைக் காலரும் கறுப்பு அங்கியுமாக, பழைய ராஜ்யத்து மரியாதை குறையாமல் நின்றார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆராதனையைத் தொடங்கி வைத்து ஜெபம் சொல்லி, பாட்டை எடுத்துக் கொடுப்பவருக்கு 'க்ளோக்கர்' என்று பெயர். நம் ஊரில் உபதேசியாரும் கோயில்பிள்ளையும் செய்ததை அவர் ஒருவரே செய்திருக்கிறார். பண்டிகை நாளில் பீடத்தைச் சுற்றி நடந்து காணிக்கை வைப்பது, பெண்கள் சங்கம் தைத்ததை ஏலம் விட்டுப் பணம் சேர்ப்பது, எல்லாம் படிக்கப் படிக்க நம் அறுப்பின் பண்டிகைதான்.

இது தற்செயல் இல்லையம்மா. 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய நான்காம் ஃபிரெடரிக் டென்மார்க்குக்கு மட்டுமல்ல, நார்வேக்கும் ராஜா. 1814வரை இரண்டும் ஒரே கிரீடத்தின் கீழ்தான் இருந்தன. எகே குடும்பத்தின் முன்னோர்களும் உன் முன்னோர்களும் ஒரே ராஜாவின் பெயரில் ஒரே ஞானோபதேசத்தை, லூத்தர் கேள்வி பதிலாக எழுதிய அந்த வேதபாடத்தை, மனப்பாடம் செய்தவர்கள். அம்மா வழியிலும் உறவு உண்டு. ஆம்பூரில் உன் தாத்தா படித்த பள்ளியை நடத்திய மிசௌரிக்காரர்கள், அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபையார், 1895இல் கிருஷ்ணகிரியில் வேலையைத் தொடங்கினார்களே, அந்த மிசௌரிச் சபையோடு தோளோடு தோள் நின்றவர்கள்தான் கோரனின் நார்வே சினாட்காரர்கள். சினாட் என்றால் பல சபைகள் சேர்ந்த அமைப்பு. தங்களுக்கென்று கல்லூரி இல்லாதபோது போதகராகப் போகும் பையன்களை செயின்ட் லூயிஸில் அவர்களிடம்தான் படிக்க அனுப்பினார்கள்.

அதில்தான் முதல் சண்டை. 1861, உள்நாட்டுப் போர். செயின்ட் லூயிஸ் அப்போது அடிமைகளை வைத்திருக்க அனுமதித்த மாநிலத்தில் இருந்தது. அடிமைகளை வைத்திருப்பது தன்னளவில் பாவமா என்று விவசாயிகள் கேட்டார்கள். வேதத்தில் அப்படிச் சொல்லவில்லை, துஷ்பிரயோகம்தான் பாவம் என்று போதகர்கள் எழுதிக் கையெழுத்திட்டார்கள். படித்தவர்கள் எல்லாம் ஒரு பக்கம், ஏர் பிடித்தவர்கள் எல்லாம் ஒரு பக்கம். கிளாசன் என்ற ஒரு போதகர் மட்டும் போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார், 1868இல் சினாடைவிட்டே விலகினார். எனக்கு இதில் சந்தேகமே இல்லை, ஏர் பிடித்தவர்கள்தான் சரி. ஆனால் கல்லெறிய என் கை எழவில்லை. சாதி லௌகீக விஷயம், வேதம் அதைத் தடுக்கவில்லை என்று சொல்லித் திருவிருந்துக்குக்கூட வேறு வேறாக வந்த சபை நம்முடையது. இங்கே ஊழியம் செய்த ஜெர்மானிய லைப்சிக் மிஷன் பெரியவர்கள் அதற்கு வாதம் எழுதினார்கள், நம் தாத்தாக்கள் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் அந்தச் சண்டையால் நல்லது நடந்தது. பிள்ளைகளை இனி செயின்ட் லூயிஸுக்கு அனுப்ப முடியாது என்றானது, 1861இல் லூத்தர் கல்லூரியை ஒரு குருமனையில் ஆரம்பித்து மறுவருடமே டெக்கோராவுக்குக் கொண்டுவந்தார்கள். கோரனுக்கு அதில் பெரிய பங்கு. மாப்பிள்ளைக்குச் சம்பளம் வருவது அந்த வழியில்தான் என்று அவரிடம் சொல்.

இரண்டாவது சண்டை முன்குறித்தலைப் பற்றி, அதாவது இரட்சிக்கப்படுகிறவர்களைக் கடவுள் முன்னமே தெரிந்துகொள்வதைப் பற்றி. பொன்டொப்பிடான் என்ற டேனிஷ்காரர் 1737இல் ஞானோபதேசத்துக்கு விளக்கம் எழுதினார். 759 கேள்விகள், பிள்ளைகள் அத்தனையும் நெட்டுருப் போட வேண்டும். அதில் 548ஆம் கேள்விக்கான பதில், ஒருவன் விசுவாசிப்பான் என்று கடவுள் முன்னறிந்து அவனைத் தெரிந்துகொண்டார் என்கிறது. மிசௌரிக்காரர்களோ, அப்படி இல்லை, வெறும் கிருபையால் தெரிந்துகொண்டார், உன் விசுவாசத்தைப் பார்த்து அல்ல என்றார்கள். கோரன் மிசௌரிக்காரர்கள் பக்கம் நின்றார், அதற்கு ஆதரவாக ஒரு அறிக்கையும் எழுதினார். பன்னிரண்டு வயதில் தாங்கள் மனப்பாடம் செய்த பதிலைத் தப்பு என்கிறார்களே என்று விவசாயிகள் கொதித்தார்கள். 1883இல் விஸ்கான்சினில் நார்வே குரோவ் என்ற இடத்தில், சினாடின் தலைவரான ப்ரெயுஸையும் அவர் மகனையும் பெரிய வெள்ளியன்று சபையாரே கோயிலுக்கு வெளியே தள்ளினார்கள். 1887இல் சினாடின் சபைகளில் மூன்றில் ஒரு பங்கு பிரிந்துபோனது. ஒரே ஊரில் ஒரே மொழி பேசுகிறவர்களுக்கு இரண்டு கோயில், இரண்டு மணி. அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை ஒரே சாலையில் எதிரெதிராக வண்டி ஓட்டிப் போவார்களாம். கடைசியில் 1912இல் இரண்டு விதமாகவும் சொல்லலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள், 1917இல் சேர்ந்துகொண்டார்கள். ஐம்பத்தேழு வருடம் அதே சபையில் ஊழியம் செய்த கோரன் அதைப் பார்க்கவில்லை, 1910 டிசம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அத்தனை வருடம் கேள்வி 548க்காகக் கழுத்தைப் பிடித்துக்கொண்டவர்கள், மொழி போனதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? 1918 மே 23 அன்று அயோவா கவர்னர் ஹார்டிங் ஓர் உத்தரவு போட்டார். பள்ளிக்கூடத்தில், பொது இடத்தில், ரயிலில், டெலிபோனில், மேடையில் ஆங்கிலம் மட்டும்தான். ஆங்கிலம் தெரியாதவர்கள் வீட்டுக்குள் ஜெபித்துக்கொள்ளட்டும். ஜெர்மனியோடு போர், அதனால் அடி ஜெர்மன்காரருக்கு, ஆனால் நார்வேக்காரருக்கும் சேர்த்துத்தான் பட்டது. டெலிபோனில் ஜெர்மன் பேசிய பெண்களுக்கு அபராதம் விதித்தார்கள். எலிசபெத் அம்மாள் காலமானதும் அதே 1918இல்தான். அறுபத்தைந்து வருடம் முன்னால் சீட்டித்திரைக்குப் பின்னால் நார்வேஜிய மொழியில் நாட்குறிப்பு எழுதியவர்.

அந்த உத்தரவு டிசம்பரிலேயே போய்விட்டது. மொழியைக் கொன்றது கவர்னர் என்று சொல்வது எளிது, ஆனால் அது முழு உண்மையில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு, சனிக்கிழமை போதகரிடம் வந்து, அர்த்தம் புரியாமலே பொன்டொப்பிடானை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். 1920களின் நடுவில் ஆராதனைகள் பாதிக்குப் பாதி ஆங்கிலம். 1946இல் தங்கள் சபையின் பெயரிலிருந்தே 'நார்வேஜியன்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். உன் ஊரில் அச்சான 'டெக்கோரா-போஸ்டன்' பத்திரிகை 1972வரை தாக்குப்பிடித்தது, வாசித்த தாத்தாக்கள் இருக்கும்வரை. இப்போது மிச்சமிருப்பது சாப்பாடு. காய்ந்த மீனைச் சலவைச் சோடா மாதிரியான காரநீரில் ஊறவைத்து வழுவழுவென்று ஆக்குகிறார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. கருவாட்டைக் கெடுக்க இப்படி ஒரு வழியா என்று தோன்றியது. உருளைக்கிழங்கு ரொட்டி நன்றாயிருந்தது.

ஆக, இது உன் தப்பு இல்லை. சீகன்பால்க் தரங்கம்பாடியில் சிறுபிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அகரம் எழுதிப் பழகித்தான் லூத்தரின் ஜெர்மனை நமக்குத் தமிழாக்கினார். ஜோயல் ஆங்கிலத்தில் சொன்னாலும் அதே வசனம்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. கொஞ்சம்.

அதனால் ஒன்று செய். முழு ஞானோபதேசம் வேண்டாம். முதல் கட்டளையும் அதற்குக் கீழே "இதன் அர்த்தம் என்ன?" என்ற கேள்வியும் அதன் பதிலும், இவ்வளவு போதும். நார்வேக்காரப் பிள்ளைகளும் அதே இடத்தில் "வா ஏர் டே?" என்று கேட்டுத்தான் படித்திருக்கிறார்கள், இதை அவனுக்குச் சொல், பிடிக்கும். சனிக்கிழமை போனில் அவன் எனக்குச் சொல்லட்டும். தப்பாகச் சொன்னாலும் நான் திருத்த மாட்டேன். அம்மா திருத்துவாள், அதற்கு நான் பொறுப்பில்லை.

என் பழைய ஞானோபதேசப் புத்தகத்தை ரசப்பொடி பார்சலுக்குள் வைத்திருக்கிறேன். இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றியிருக்கிறது, ஆனாலும் மிளகு வாசனை ஏறியிருக்கும். வெயிலில் வைக்காதே, தாள் உதிர்ந்துவிடும்.

அன்புடன்,
அப்பா